வால்வுக்கு இரண்டு வளையம்

என் ஆம்ப்ளிஃபையருக்கு மூக்குக்கு மேல் கோபம். என் மாடி வீட்டின் பலகைத் தரையில் யாராவது கொஞ்சம் அழுத்தி நடந்தால் போதும், அதன் சின்னக் கண்ணாடிக் குழல் வால்வுகள் இரண்டும் அதிர்ந்து ஸ்பீக்கரில் ‘ணிங்’ என்று கேட்கும். பாட்டின் நடுவில் அது கேட்டால் எனக்கும் மூக்குக்கு மேல் வந்துவிடும். பொருத்தமான ஜோடி.

அதனால் வீட்டில் சட்டம் போட்டேன். பாட்டு ஓடும்போது யாரும் குதிகால் ஊன்றக் கூடாது. மனைவி சாப்பாட்டுத் தட்டோடு நுனிக்காலில் வருவாள். மகள் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அதட்டல்தான். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசை நெஞ்சில் அணைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். “இது வீடா, மைதானமா?” என்றேன். என்ன பரிசு என்று கேட்கவில்லை. இசைத்தட்டை முதலிலிருந்து வைத்தேன்.

மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிறு வருவாள், சமைப்பாள், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவாள். ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. நான் தங்கச் சொன்னதும் இல்லை. கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால்? தனிமை எந்த அளவுக்கு முற்றிவிட்டது என்றால், காலையில் பொங்கி வழியும் பாலோடு சண்டை போடுகிறேன்.

போன வாரம் ஒரு ஸ்பீக்கரில் பாட்டே வரவில்லை. ஆம்ப்ளிஃபையரை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் அதைச் சரிசெய்துவிட்டு, சின்ன வால்வு ஒன்றைப் பென்சிலால் தட்டினார். ணிங்.

“எப்பவும் இப்படித்தானா சார்?”

“முப்பது வருஷமா.”

இழுப்பறையைத் துழாவி, சூடு தாங்குகிற ரப்பர் வளையம் இரண்டு எடுத்தார். வால்வுக்கு ஒன்றாகக் கண்ணாடியைச் சுற்றி மாட்டினார். மறுபடி தட்டினார். ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை.

“இது புதுசா வந்ததா?”

“நான் தொழிலுக்கு வந்ததுலேருந்து இருக்கு. யாரும் சொல்லலையா?”

சொன்னார்கள். ஒரு நண்பர் படித்துப் படித்துச் சொன்னார். வால்வுக்கு நகை போடச் சொல்கிறாயா என்று கிண்டலடித்து அனுப்பியது நான்தான்.

இந்த ஞாயிறு விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளின் அறையைப் பெருக்கி, புது விரிப்புப் போட்டேன். இன்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பாட்டை ஓடவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில், சுவரோரமாக வந்தாள்.

“நல்லா ஊன்றி நடம்மா. இனிமே ஒண்ணும் ஆகாது. வேணும்னா குதிச்சுப் பாரு.”

என் முகத்தைப் பார்த்தாள். குதிகாலால் மெல்ல ஒரு தட்டு தட்டினாள். பிறகு ஓங்கி ஒரு மிதி. பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து வால்வுகளைப் பார்த்தாள்.

“இவ்வளவுதானாப்பா?”

“இவ்வளவுதான்.”

“எப்பலேருந்து கிடைக்குது?”

பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, “நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து,” என்றேன்.

நிமிர்ந்தாள். “எங்க வீட்லயும் நான் இப்படித்தான் நடக்கறேன். எப்ப பின்னாடி வந்து நின்னேன்னு தெரியாம அவரு பயந்துடறாரு,” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “அம்மா கடைசி வரைக்கும் இப்படித்தானேப்பா நடந்தாங்க.”

மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டிய இடம். வாயில் வந்தது வேறு.

“இன்னிக்கு ஒரு ராத்திரி இருந்துட்டுப் போயேன்.”

“இல்லப்பா. இன்னொரு நாள் பாக்கலாம்.” கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

சாப்பிட்டதும் பையை எடுத்துக்கொண்டாள். நான் பாட்டை நிறுத்திவிட்டுக் கதவருகே நின்றேன். கீழே போக இருபது மரப்படிகள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு படியில்கூடச் சத்தம் வரவில்லை. ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.