உறையூர் வீட்டு வழக்கம்

பிச்சமுத்து வீட்டில் நாடகம் ஓடாது என்பது உறையூரில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்ன சொல்லை மாற்றிப் பழகாதவர். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் கெடுக்கும் கதை நம் வீட்டுக்கு ஆகாது என்று டிவி வாங்கிய அன்றே சொல்லிவிட்டார். மகள் கனிஷ்காவைத் துறையூர்க்காரர்கள் பெண் கேட்டபோது தரகர் இதையே ஒரு சிறப்பாக எடுத்துச் சொன்னதில் அவருக்குப் பெருமைதான்.

அந்தத் தடை கொரிய நாடகத்துக்குப் பொருந்தாது என்பது மனைவி பிரேமலதாவின் எண்ணம். அது வருஷக்கணக்கில் இழுக்காது. தமிழில் வேறு பேசுகிறார்கள். பிச்சமுத்து காவிரிப் பக்கம் நடக்கப் போகும் மாலைகளில் தாயும் மகளும் பார்த்தார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் கல்லூரிப் பெண்கள் அந்த நடிகர்களைச் சொந்த அத்தை மகன்களைப் போலப் பெயர் சொல்லிப் பேசுவதை அவரும் கேட்டதுண்டு. ஊரார் வீட்டுப் பிள்ளைகள் என்று விட்டுவிட்டார்.

பெண் பார்க்க மாப்பிள்ளை பூவரசன், அவன் தாய் சந்திரம்மாள், தாய்மாமன் மருதை மூவரும் வந்தார்கள். கனிஷ்கா காபி கொடுத்தாள். நீயும் உட்கார்ந்து குடிம்மா என்றாள் சந்திரம்மாள். கனிஷ்கா உட்கார்ந்து, மருதைக்கு முதுகு தெரியும்படி சுவர்ப்பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

மருதை டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொண்ணுக்கு நம்ம மூஞ்சியப் பாக்கவே புடிக்கல போலிருக்கு. கெளம்புவோம்."

பாதிக் காபியோடு எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். பூவரசனைக் கனிஷ்காவுக்குப் பிடித்திருந்தது. அது வீட்டுக்கே தெரியும். பிரேமலதா அவசரமாக வந்து கணவரின் காதருகே குனிந்தாள். "கொரியாவுல பெரியவங்க முன்னாடி இப்படித்தாங்க குடிப்பாங்க. மரியாதைக்குத்தான் திரும்புனா."

பிச்சமுத்துவுக்கு எல்லாம் விளங்கியது. உண்மையைச் சொன்னால் அவர் சொல் போகும். சொல்லாவிட்டால் மகளுக்குப் பெரியவர்களை மதிக்காதவள் என்ற பெயர் வரும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உக்காருங்க. எங்க வம்சத்துல பெரியவங்க முன்னாடி நேருக்கு நேர் குடிக்க மாட்டோம். எங்க பாட்டனார் காலத்து வழக்கம்."

மருதை உட்கார்ந்துவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு வீடா என்று மருமகனைப் பார்த்தார். சந்திரம்மாள் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அப்படியாண்ணே? எங்க தெருப் பொம்பளைங்க பாதிப் பேரு உங்க வம்சந்தான்."

பிறகு கனிஷ்காவிடம், அந்த நாடகத்தில் வரும் டாக்டர் பையன் கடைசியில் யாரைக் கட்டினான் என்று மெல்ல விசாரித்தாள். மருதை அதைக் கவனிக்கவில்லை. அவர் பிச்சமுத்துவின் வயதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மருதைதான் மூத்தவர் என்று தெரிந்தது. அதனால் பிச்சமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பி, வாயை மறைத்துக்கொண்டு, தன் காபியைக் குடித்து முடிக்க வேண்டியதாயிற்று.

ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் நிச்சயதார்த்தம். மருதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். காபி வந்ததும் துறையூர்ச் சனம் சம்பந்தி வீட்டு வழக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தது. பிச்சமுத்துவின் அண்ணன் பொன்னையா, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இதை விழித்துப் பார்த்தார்.

"உங்க பாட்டனாரு காலத்துலேருந்தே இப்படித்தானாமே?" என்று மருதை அவரிடம் கேட்டார்.

பொன்னையா அந்தப் பாட்டனாரோடு வளர்ந்தவர். பாட்டனார் காபியே குடித்தவரில்லை. பொன்னையா தம்பியைப் பார்த்தார். தம்பி கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தார். நாலு பேர் கூடிய இடத்தில் குடும்பத்தை விட்டுக்கொடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"ஆமாங்க," என்று சொல்லிவிட்டு, பொன்னையா தூண் பக்கம் திரும்பிக் குடித்தார்.