இடது தோள் முதலில்

மாதா தேர் வரும்போது எங்கள் டீ எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் கதவைச் சாத்தி வைக்கிற வீடு கிடையாது. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். இருந்தாலும் லூர்து மாதா திருவிழா அன்று என் வாசலில் மெழுகுவத்தி எரியும். தேர்மேல் வீச உப்பும் மிளகும் தட்டில் இருக்கும். இந்துவாக இருந்துகொண்டு இதைச் செய்யலாமா என்று இதுவரை எந்த அதிகாரியும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் அவர் கையிலும் கொஞ்சம் மிளகு கொடுத்து அனுப்புவேன்.

அந்த வருடம் ஒரே ஒரு கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு ரேணுகாவின் கதவு. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய், பூசையில் வாசகம் வாசித்து, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கிறவள் அவள். அவள் வீட்டுக் கதவுதான்.

எல்லாம் தேர்தலால் வந்தது. எங்கள் பேரூராட்சி வார்டை எஸ்.சி. பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ரேணுகா தண்ணீருக்காக நின்றாள். அப்போது லயத்துக்குக் குழாய் கிடையாது. ஓடைக்குக் குடத்தோடு போனால் அங்கே காட்டெருமை நமக்கு முன்னால் வந்து நிற்கும். அதற்கு முந்தின மழைக்காலத்தில் அவள் மாமியார் மாரியாயியை அது முட்டித் தூக்கிப் போட்டது. அந்த அம்மாள் இன்னும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

சாதிச் சர்ட்டிபிகேட்டில் ரேணுகா இந்து. ஞானஸ்நானம் வாங்கியவள் என்று யாராவது நிரூபித்துவிட்டால் அவள் எஸ்.சி. இல்லை என்றாகிவிடும். வார்டு போகும். கூடவே மகளுக்கு அதே ஒதுக்கீட்டில் கோயமுத்தூரில் கிடைத்திருந்த நர்சிங் சீட்டும் போகும். மாதாவைக் கும்பிட்டால் சாதி கழன்று விழுந்துவிடும் என்பது சட்டம். அப்படி விழுந்ததை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

மாதா கோயில் ஃபாதர் நல்ல மனிதர். அவர்தான் அவளைக் கூப்பிட்டு, ஓட்டுப்பதிவு முடிகிற வரைக்கும் பூசைக்கு வராதே, மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று சொல்லி அனுப்பினார். ஒரு சாமியாரே கோயிலுக்கு வராதே என்று சொல்கிற காலம். அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொழுந்து பறிக்கும்போது ஜெபத்தில் உதடு தானாக அசையும். யாராவது பார்த்துவிட்டால் சட்டென்று இருமுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தால் விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்குவாள். பெருக்கி முடித்த வாசலையே மறுபடியும் பெருக்குவாள்.

திருவிழா அன்று சாயங்காலமே மூடுபனி இறங்கிவிட்டது. ஃபேக்டரி வளைவில் பேண்டுச் சத்தம் கேட்டதும் அவள் புருஷன் பாலகுமார் கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. போய்த் தட்டினேன்.

"ஏனுங்க பாலகுமார், மாரியம்மனைக் கும்பிடற நாங்களே தொறந்து வெச்சுருக்கறோம். சாத்துன கதவு ஒண்ணே ஒண்ணுன்னா, அது யாரு ஊடுன்னு ஊருக்குத் தெரியாதுங்களா?"

அதுவரை அந்த யோசனை அவனுக்கு வரவே இல்லை. கதவு திறந்தது. ரேணுகா நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, தட்டில் தேங்காயும் கற்பூரமுமாக வெளியே வந்தாள். மாதா தேருக்கு எங்கள் லயத்தில் ஒரு இந்துவும் கற்பூரம் காட்டியதில்லை. எங்களைப் போல இருக்க வேண்டுமென்று பாவம் எங்களையும் தாண்டிப் போய்விட்டாள். தட்டைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு என் மெழுகுவத்தியை அவள் கையில் கொடுத்தேன்.

பிக்கப் வண்டியில் ஜோடித்த தேர் வந்து நின்றது. மைக்கில் ஃபாதர் ஜெபமாலை சொல்ல, கூட்டம் பதில் சொன்னது. நான்கூட வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ரேணுகா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் தேர்தலில் அவளை எதிர்த்து நிற்கிற விஜயா மாலையோடு வந்தாள். அவளும் இந்துதான். அவள் தம்பி பாண்டியன் செல்போனைத் தூக்கிப் பிடித்து அவளையே படமெடுத்துக்கொண்டிருந்தான். விஜயா மாலையைக் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டாள். வயிற்றைத் தொட்டு, நெற்றியைத் தொட்டு, வியர்வை துடைக்கிற மாதிரி என்னவோ செய்தாள். யாரும் அவளைத் தப்பாக நினைக்கவில்லை. பிறகு பக்கத்தில் திரும்பினாள்.

"ரேணுகாக்கா, சரியாப் போட்டனுங்களா?"

வேண்டுமென்றே கேட்டாளா, வெள்ளந்தியாகக் கேட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. செல்போனும் அவளோடு திரும்பப் பார்த்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் ரேணுகா.

மைக்கில் ஃபாதரின் குரல் பாதியில் நின்று, பிறகு தொடர்ந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரேணுகா மேலா, விஜயா மேலா, அந்தச் சர்ட்டிபிகேட் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முன்னால் போய் நின்று செல்போனை மறைத்தேன். நான் காட்டுகிறேன் வா என்று விஜயாவின் கையைப் பிடித்தேன். நெற்றி, நெஞ்சு, அப்புறம் வலது தோள்.

"இடது தோள் முதல்லங்கக்கா."

என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். திரும்பினேன். ரேணுகா மெழுகுவத்தியை இடது கைக்கு மாற்றியிருந்தாள். வலது கை நெற்றிக்குப் போயிற்று. பிறகு நெஞ்சு, இடது தோள், வலது தோள். மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற நிதானத்தோடு போட்டாள். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே." கண்ணில் நீர் வழிய, முகம் மட்டும் தெளிந்திருந்தது. பாலகுமார் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் அந்த வீடியோ வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. பனியிலும் என் முதுகிலும் முகம் ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் கணீரென்று இருந்தது. புகார் போய், விசாரிக்கத் தாலுகா ஆபீசிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே பாண்டியன். இது யார் குரல் என்று கேட்டார்கள்.

"என்னுதுங்க" என்றேன். "ரேணுகாவுக்கு அதெல்லாம் எங்கீங்க தெரியும்?"

போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டேன். இடது தோள் முதலில். பாண்டியன் என்னவோ சொல்ல வாயெடுத்தான்; வந்தவர்கள் நான் சொன்னதை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெரிய காரியம் சாதித்துவிட்ட பெருமையில் ரேணுகாவிடம் ஓடினேன். அவள் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இந்தத் தேர்தல்ல நிக்கறதா சொன்னதுக்கப்புறம் நான் வாயத் தொறந்து சொன்ன உண்மை அது ஒண்ணுதானுங்கக்கா. அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

உன் மகள் படிப்பு என்றேன், தண்ணீர் என்றேன், உன் மாமியாரைப் பார் என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் என் குரல் என்றுதான் சொல்வேன்.

ரேணுகா ஜெயித்தாள். லயத்துக்குக் குழாய் வந்தது. இப்போது யாரும் ஓடைக்குப் போவதில்லை. ஃபாதர் சொன்ன ஓட்டுப்பதிவு என்றைக்கோ முடிந்துவிட்டது. பதவி இருக்கிற வரைக்கும் சர்ட்டிபிகேட்டும் இருந்தாக வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் எங்கள் கவுன்சிலரம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறாள். வாசலைப் பெருக்குகிறாள். மணி ஓய்கிற வரைக்கும், பெருக்கின வாசலையே மறுபடியும் பெருக்குகிறாள்.