நாகஜோதியாக எஸ்தர்

அடிபட்ட பெண்கள் தங்கள் கதையையே நடித்துப் பார்க்க வில்லாபுரம் மாதா கோயில் ஹாலில் சனிக்கிழமைதோறும் கூடும் நாடகக் குழுவில் ஒரு விதி உண்டு. அடிபட்டவள் தன் வேடத்தைத் தானே போடக் கூடாது. அடித்தவன் வேடத்தைத்தான் போட வேண்டும். அவளாக இன்னொருத்தி நடிப்பாள். விதியை வைத்தவர் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சகாயமேரி டீச்சர். "ஒன்னைய மிதிச்சவன் செருப்ப நீயே ஒரு தடவ மாட்டிப் பாரு. வெறும் செருப்புதான்னு தெரியும்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நாகஜோதிக்கு வாய்த்தது புருஷன் சிவபாண்டியின் வேடம். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊரில் அவள்மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திவிட்டு, ஸ்டவ் வெடித்தது என்று ஊரைக் கூட்டி அழுத மகராசன். வழக்கு நிற்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே சாட்சி ஐந்து வயது மகள் பவதாரிணி. "நான் தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டது பிள்ளை. அப்பனிடமே தங்கியும் விட்டது. பாதி முகம் வெந்து, குரல் கட்டிப்போய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாகஜோதியின் கண்ணில் புருஷன் வீட்டுப் பாவிகள் மூன்று வருஷமாகப் பிள்ளையைக் காட்டவே இல்லை.

முதல் நாள் ஒத்திகையில் காலிக் கேனைக் கையில் எடுத்ததும் நாகஜோதி வாந்தி எடுத்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருத்தி தரையைத் துடைத்தாள், ஒருத்தி டீ வாங்கி வந்தாள். நாகஜோதியாக நடிக்க இருந்த எஸ்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நீங்க தலை எப்பிடிப் பின்னுவீங்க? இன்னைக்கு அத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள்.

வாராவாரம் அப்படியே போனது. எஸ்தர் அவளுடைய நடையை, சிரிப்பை, பிள்ளையைக் கொஞ்சுகிற விதத்தைக்கூடக் கற்றுக்கொண்டாள். நாகஜோதி சிவபாண்டியின் செருமலைப் பிடித்தாள். மீசையைத் தடவிக்கொண்டே பேசுவதைப் பிடித்தாள். பிடித்த பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, போயும் போயும் இந்தப் பயலுக்கா இம்புட்டு நாள் பயந்தோம் என்று. ராத்திரி தூக்கம் வந்தது. கண்ணாடி பார்த்தாள். அந்தப் பெண்கள் இல்லையென்றால் அவள் என்றைக்கோ செத்துப்போயிருப்பாள், அதில் சந்தேகமே இல்லை.

அதற்கப்புறம்தான் அந்த ஆசை வந்தது. "டீச்சர், எங்க ஊர்ல ஒரு தடவ போடுவோம். ஊரு என்னமும் நெனச்சிட்டுப் போகட்டும். ஸ்டவ் வெடிக்கலன்னு எம்புள்ளைக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்." டீச்சர் தயங்கினார். தயங்கிவிட்டுச் சம்மதித்தார். நல்லவர்கள் செய்கிற தப்பெல்லாம் இப்படித் தயங்கித் தயங்கித்தான் நடக்கிறது.

பள்ளிக்கூட மைதானத்தில், வெயில் தாழ்ந்த நேரத்தில் நாடகம். வராமல் இருந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்று சிவபாண்டியும் வந்தான். வெள்ளை வேட்டி கட்டி, முன்வரிசையில் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒங்கம்மா நாடகத்தில் ஆடுகிறாள், வந்து பார் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தான்.

மேடையில் எஸ்தர் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு சோறு வடித்தாள். மை மீசையோடு நாகஜோதி செருமிக்கொண்டு வந்தாள். கேன் சாய்ந்தது. எஸ்தர் மேல் சிவப்புச் சேலையைப் போர்த்தினார்கள். கூட்டத்தில் பெண்கள் விசும்பினார்கள். நாகஜோதி கேனைப் போட்டுவிட்டு ஓரமாக நடந்தாள்.

"அது தப்பு" என்றது முன்வரிசையில் ஒரு சின்னக் குரல். "என்னையத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு, கதவ வெளிய பூட்டுவாரு. அத விட்டுட்டாங்க."

நாகஜோதிக்கே தெரியாத விஷயம் அது. நெருப்புக்குள் கிடந்தவள் கதவைக் கண்டாளா?

சொல்லி முடித்த பிறகுதான் பிள்ளைக்குத் தான் சொன்னது உறைத்தது. சிவபாண்டி மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தான். அவள் பிடரியில் கையை வைத்தான். "வாத்தா, வீட்டுக்குப் போவோம்" என்றான். அந்த மெதுவான குரலை நாகஜோதி நன்றாக அறிவாள். பெட்ரோலுக்கு முன்னால் வந்த குரல் அது.

பிள்ளை கையைத் தட்டிவிட்டு மேடைக்கு ஏறி ஓடி வந்தது. நாகஜோதி மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தாள். பிள்ளை அவளை விலகிச் சுற்றிப் போய் எஸ்தரைக் கட்டிக்கொண்டது.

"அம்மா, நான் தூங்கலம்மா. தூங்கிட்டேன்னு சொன்னாத்தான் அவரு என்னைய ஒண்ணும் செய்ய மாட்டாருன்னு அப்பிடிச் சொன்னேன். என்னைய அங்க அனுப்பாதம்மா."

குழுப் பெண்கள் ஓடி வந்து சுற்றி நின்றார்கள். டீச்சர் போலீசுக்குப் போன் போட்டார். மேடையோரம் வந்து நின்ற சிவபாண்டி அந்த நேரத்திலும் சிரித்தான்.

"ஏ கிறுக்கி, அது ஒங்கம்மா இல்ல. அந்தா மீசையும் வெந்த மூஞ்சியுமா மண்டி போட்டுருக்கே, அதுதான் ஒன்னையப் பெத்தவ. எவளோ ஒருத்தியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்காத, எறங்கி வா."

வாழ்க்கையில் அவன் சொன்ன ஒரே உண்மை.

பிள்ளை நாகஜோதியைப் பார்த்தது. மை மீசையைப் பார்த்தது, சுருங்கி இழுத்த கன்னத்தைப் பார்த்தது. எஸ்தரின் இடுப்பை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"பொய் சொல்றாரும்மா. ஒன்னையப் பத்தி எப்பவும் பொய்தான் சொல்லுவாரு."

எஸ்தர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அந்தப் பிடி விட்டால் பிள்ளை யாரை நம்பி நிற்கும்? கீழே அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். நாகஜோதி வேண்டாம் என்று எஸ்தரிடம் தலையசைத்தாள். எழுந்து, அவனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஆமாத்தா, பொய்தான்" என்றாள். "நீ ஒங்கம்மாவ விட்டுறாத."