பன்னிரண்டே முக்கால் வாடிக்கையாளர்

மகோ நகரத்தில் சனிக்கிழமை ஒரு மணிக்குக் கடை சாத்திவிடுவார்கள். கெதெயோன் பகோஷ் குளிர்காலப் பூட்ஸ் வாங்கப் போனது பன்னிரண்டே முக்காலுக்கு. ஒன்று ஐந்துக்குப் பூட்ஸ் இல்லாமலே வெளியே வந்தார். வருமுன், கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய வாடிக்கையாளர் புகார்ப் புத்தகத்தை எடுத்து, நின்றபடியே எழுதினார்:

"1. விற்பனைப் பெண்ணின் முகம் கடுகடுவென்று இருந்தது. 2. நான் தேர்ந்தெடுக்கும் முன்பே பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார். 3. 'திங்கட்கிழமை வாங்களேன்' என்று சொன்னார்."

கீழே தேதி, மணி, முகவரி, கையெழுத்து.

மாரோஷ் ஆற்றின் நீர்மட்டத்தை முப்பத்தொரு வருடம் அளந்து எழுதி ஓய்வு பெற்றவர் அவர். எழுதியதை ஒருநாளும் அடித்ததில்லை. தப்பு என்று தெரிந்தால் அடுத்த வரியில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே பூட்ஸ் வாங்கப் போனார். கல்லாவில் கடைக்காரி திருமதி சபடோஷ் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் விற்பனைப் பெண் வில்மா பெட்டி பிரிக்கும் சத்தம் கேட்டது.

"வாங்கய்யா. உங்களுக்குத்தான் பதில் எழுதிக்கிட்டு இருக்கேன்."

"பதில் எதுக்கும்மா? பூட்ஸைக் குடுங்க, போதும்."

"புஸ்தகத்துல எழுதிட்டீங்கன்னா முப்பது நாள்ல நான் பதில் எழுதியே ஆகணும். அதுவும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு வெச்சிருக்கீங்க, கோர்ட்டுக்கு அனுப்புற மாதிரி."

"என்ன எழுதப் போறீங்க?"

"என்ன எழுத? வில்மாவுக்கு மூணு மாசச் சோதனைக் காலம், வர்ற வெள்ளியோட முடியுது. புகார் வந்த ஆளை எப்படி நிரந்தரமாக்குறது? வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோன்னு சொல்லிட்டேன்."

கெதெயோனுக்குத் திக்கென்றது. ஒரு கண்டிப்பு, மிஞ்சிப் போனால் ஒரு மன்னிப்பு, இவ்வளவுதான் அவர் நினைத்திருந்தது. நாற்பது வயதுப் பெண். வெங்காயக் கிடங்கில் வருடக்கணக்காகத் தரம் பிரித்துவிட்டு இப்போதுதான் கடை வேலைக்கு வந்திருக்கிறாள் என்று ஊரில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேனே."

"எப்படி வாங்குவீங்க? ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர், முத்திரை. ஒரு தாளைக் கிழிச்சா எனக்கு அபராதம். அடிக்கவும் கூடாது. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான்.

"அவ தரப்பையும் எழுதி வாங்கினேன். படிச்சுப் பாருங்க" என்று, புத்தகத்தில் குத்தியிருந்த ஒரு தாளைத் திருப்பி வைத்தாள்.

அழுகையோ வசவோ இருக்கும் என்று எதிர்பார்த்தார். இருந்தது இதுதான்: "ஐயா வந்ததும் வணக்கம் சொன்னேன். பதில் சொல்லவில்லை. பதினொரு ஜோடி எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றையும் கழற்றி, காலாலேயே என் பக்கம் தள்ளினார். என் ஊர் அபாட்ஃபல்வாவுக்கு ஒன்று பத்துக்குப் பேருந்து. அதை விட்டால் நாலு மணிக்கு. என் முகம் கடுகடுவென்று இருந்திருக்கலாம்."

"பதினொண்ணு இல்லியே, பத்து!" கெதெயோன் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை உருவினார். பார்த்த பூட்ஸ் ஒவ்வொன்றையும் விலையோடும் குறையோடும் அதில் எழுதியிருந்தார். விரல் வைத்து எண்ணினார். பத்து. ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது.

"நாலாவதை ரெண்டு அளவுல கேட்டீங்கய்யா." கையில் பெட்டிகளோடு வில்மா உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். "முதல்ல நாப்பத்திமூணு. கடிக்குதுன்னு அப்புறம் நாப்பத்திநாலு."

பதினொன்று. அவள் கணக்கில் பிசகே இல்லை.

"அது இருக்கட்டும்மா. காலால தள்ளினேன்னு எழுதியிருக்கியே, அது எனக்கு ஞாபகமில்ல. நான் அப்படிப்பட்ட ஆளும் இல்ல."

வில்மா பெட்டிகளை வைத்துவிட்டு அந்தப் பழுப்பு நிற நாற்பத்திநாலை எடுத்து வந்து, அவர் காலடியில் மண்டியிட்டு நாடாவைத் தளர்த்திக் கொடுத்தாள். போட்டார். நாலடி நடந்தார். கச்சிதமாக இருந்தது. உட்கார்ந்து கழற்றினார். கழற்றிய பூட்ஸை அவருடைய வலது கால், பழக்கப்பட்ட நாய்க்குட்டி போல, தானாகவே வில்மாவின் முழங்காலை நோக்கித் தள்ளியது.

மூன்று பேரும் அந்தப் பூட்ஸையே பார்த்தார்கள்.

"இப்ப ஞாபகம் வந்திருக்குமே" என்றாள் கடைக்காரி.

கெதெயோனுக்குக் காதுமடல் சூடேறியது. குனிந்து பூட்ஸைக் கையால் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். வேலையில் இருந்தவரை தன் உதவியாளர்களும் தப்பு பிடிபட்டு இப்படித்தான் தன் முன்னால் நின்றிருப்பார்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. பேனாவைக் கேட்டு வாங்கினார். புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் நிதானமாக எழுதினார்:

"புகார். வாடிக்கையாளர் கெதெயோன் பகோஷ் மீது. 1. கடை சாத்தக் கால்மணி இருக்கும்போது வந்து, சாத்திய பிறகும் ஐந்து நிமிடம் இருந்தார். 2. வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. 3. காலணிகளைக் காலால் தள்ளினார். இது இன்று நேரில் சரிபார்க்கப்பட்டது. 4. முந்தைய பக்கத்தில் உள்ள மூன்றும் உண்மை. அவற்றுக்குக் காரணம் இந்தப் பக்கத்தில் உள்ள மூன்று."

தேதி, மணி, முகவரி, கையெழுத்து.

திருமதி சபடோஷ் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"ஐயோ, உங்க மேலயே நீங்க புகார் குடுத்தா நான் யாரைய்யா விசாரிக்கறது?"

"அது உங்க பாடு. முப்பது நாள் இருக்கே."

"முதல் புகாருக்கு இவளைத் தப்புன்னு பதில் எழுதினா இதுல உங்களைத் தப்புன்னு எழுத முடியாது. நல்லா மாட்டிவிட்டீங்க." பெருமூச்சு விட்டாள். "வெள்ளி வரைக்கும் யோசிக்கறேன். வாக்குறுதியெல்லாம் குடுக்க மாட்டேன்."

வில்மா பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கெதெயோன் அதை எதிர்பார்க்கவும் இல்லை. "வர்றேம்மா" என்றார். அவள் தலையசைத்தாள்.

வெள்ளி போயிற்று. கடைப்பக்கம் போய்ப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அடுத்த புதன்கிழமை தபால் வந்தது.

"தங்கள் புகாரை விசாரித்தோம். உண்மை என்று தெரிகிறது. சம்பந்தப்பட்ட வாடிக்கையாளர் இனிச் சனிக்கிழமைகளில் பன்னிரண்டரைக்கு முன் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். பி.கு.: பூட்ஸோடு வந்த மாற்று நாடாவைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்."

கடைசியில் திருமதி சபடோஷின் கையெழுத்து. ஆனால் மேலே இருந்தது வேறு கை. புத்தகத்தில் குத்தியிருந்த வில்மாவின் தாளில் பார்த்த அதே சாய்வில்லாத, அளவான எழுத்து. தேதியைப் பார்த்தார்: திங்கட்கிழமை. வெள்ளி கழிந்து மூன்றாம் நாள்.

கடிகாரத்தில் மணி பத்து. கெதெயோன் தொப்பியை மாட்டிக்கொண்டு நாடா வாங்கக் கிளம்பினார். கடை வாசலிலேயே தொப்பியைக் கழற்றி, கதவைத் திறந்ததும், வில்மா வாய் திறப்பதற்குள் வணக்கம் சொன்னார்.