துண்டு விரித்த சீட்டு

“சும்மா உக்கார்ந்தா சீட்டு கெட்டுப்போயிடாது சார். உக்கார்றதுக்குத்தானே செஞ்சு வெச்சிருக்கான்?”

“நான் உக்கார்றதைப் பத்திச் சொல்லலம்மா. இவ உக்கார்றதைப் பத்திச் சொல்றேன்.”

‘இவ’ என்று அவர் விரல் நீட்டியது மனைவியை நோக்கி. அவள் பட்டறை வாசலில், சுருட்டி நிறுத்தியிருந்த தோல்களுக்குப் பக்கத்தில், கைப்பையை அணைத்தபடி நின்றிருந்தாள். அவர்களுடைய கார் நான்கு கதவுகளையும் திறந்துகொண்டு நடுவில் நின்றது. உள்ளே வெளிர்பழுப்புத் தோல் சீட்டுகள். அவரிடம் பேசிக்கொண்டிருந்த பட்டறைக்காரியைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் சீட்டக்கா என்றுதான் சொல்வார்கள். கிழிந்த சீட்டு, வெடித்த சீட்டு, நாய் கடித்த சீட்டு எல்லாம் அவளிடம்தான் வரும்.

“அவங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?”

“நாலு மாசம் ஆச்சு,” என்றாள் மனைவி.

“அப்புறம் என்ன?”

அதைத்தான் வீட்டில் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள். அணைக்கட்டுப் பக்கம் புதிதாகத் திறக்கும் கூடத்துக்கு அவளையே பொறுப்பாளராகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது கிலோமீட்டர். பஸ் பாதி வழியோடு நின்றுவிடும். அவர் ரயிலில் வேலைக்குப் போகிறவர். வாரம் முழுக்க கார் உறைக்குள் தூங்கும். திங்கட்கிழமை சேர வேண்டும். போகிறாளா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

“தோல் சீட்டு. உனக்குப் பழக்கமில்ல. ஒரே மாசத்துல சுருங்கிப்போயிடும்” என்பது அவருடைய பதில். ஏழு நாளும் அதையே சொன்னார். கடைசியில் அவள் பேசுவதை நிறுத்திய பிறகுதான், “சரி, சீட்டக்கா சொல்லட்டும். அவங்க சரின்னா எனக்கும் சரி” என்று இறங்கி வந்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆயுசில் தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது இந்த ஒரு பழைய கார்தான். ஞாயிறு காலையில் மூன்று துணியோடு போவார். ஒன்று ஈரத்துக்கு, ஒன்று காய்வதற்கு. மூன்றாவது எதற்கென்று கேட்டால், “சும்மா ஒரு திருப்திக்கு” என்பார். துடைக்கும்போது மெதுவாக ஏதோ முணுமுணுப்பார். அந்தக் குரலை அவள் வேறெங்கும் கேட்டதில்லை.

சீட்டக்கா உறை வெட்டுவதற்கு வைத்திருந்த மெல்லிய தாளைப் பெரிதாகக் கிழித்தாள். டிரைவர் சீட்டின் மேலும், கதவுப்பக்கம் உயர்ந்திருக்கும் ஓரத் திண்டின் மேலும் அதை விரித்து, விளிம்புகளை ஒட்டினாள்.

“ஏறி இறங்கறப்ப சீட்டு என்ன பாடுபடுதுன்னு நான் சொல்ல வேண்டாம். தாள் சொல்லும். தங்கச்சி, நீங்க வாங்க.”

அவள் பையை வைத்துவிட்டு வந்தாள். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்து, மெல்ல உட்கார்ந்தாள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துவைத்தாள். இறங்கும்போதும் அப்படியே. தாள் லேசாகக் கசங்கியிருந்தது. அவ்வளவுதான்.

“இன்னொரு தடவ,” என்றார் கணவர்.

மூன்று தடவை ஏறி இறங்கினாள். தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“இப்ப நீங்க சார்.”

“நானா? ஆறு வருஷமா என் சீட்டு எனக்குத் தெரியாதா?”

“தெரியும்ல? அப்ப ஏறுங்க.”

அவர் ஒரு காலை உள்ளே விட்டார். திண்டின் மேல் பொத்தென்று விழுந்து, அங்கிருந்து நடுவுக்குச் சறுக்கினார். சர்ரென்று ஒரு சத்தம்.

“தாள் மட்டம்,” என்றார்.

“இருக்கும். வேற ஒட்டறேன்.”

இரண்டாவது தாளும் அதே இடத்தில் கிழிந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் ஒரு பொத்தலும் விழுந்திருந்தது. சீட்டக்கா அந்தப் பொத்தலையும் அவருடைய பின்பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

தாளை உரித்தாள். கிழிசல் இருந்த அதே இடத்தில், அதே நீளத்துக்குத் தோலில் நிறம் போய், பொடிப்பொடியாக வெடித்திருந்தது. பொத்தல் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழி. முன்னால் கார் வைத்திருந்தவன் செய்த வேலை என்று ஆறு வருடமாக அவர் திட்டிக்கொண்டிருந்த குழி.

“பாவம், அந்த மனுஷன்,” என்றாள் மனைவி. சிரிக்கக் கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டாள்.

சீட்டக்கா மறுபக்கம் சுற்றிப்போய், டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டின் மேல் எப்போதும் விரித்திருக்கும் பூத்துண்டை எடுத்தாள். கையால் தடவினாள். விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“இங்க யாரும் உக்கார்றதே இல்லையா?”

“நான்தான் உக்கார்றேன்,” என்றாள் மனைவி.

“எத்தனை வருஷமா?”

“ஆறு.”

அந்தச் சீட்டு கடையிலிருந்து நேற்று வந்ததுபோல் இருந்தது. முதுகு படும் இடத்தில்கூட ஒரு கோடு இல்லை. மனைவி தன் சீட்டை முதன்முறையாகத் துண்டு இல்லாமல் பார்த்தாள். எத்தனையோ பயணம் போயிருக்கிறாள் அதில். அவளுடைய அம்மாவைப் பார்க்கப் போனபோது ஐந்து மணி நேரம். அப்போதும் சாய்ந்து உட்காரவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒருவர் ஒரு இடத்தில் இவ்வளவு நாள் இருந்ததற்கு ஒரு சுவடும் இல்லாமல் இருக்க முடியுமா?

“துண்டு நான்தான் போடச் சொன்னேன்,” என்றார் கணவர். யாரும் கேட்கவில்லை.

“உக்கார்ந்தா மடிப்பு விழத்தான் செய்யும் சார். உங்க முழங்கையைப் பாருங்க, மடங்கற இடத்துல கோடு இல்ல? இதுவும் தோல்தானே. மடிப்பு வெடிப்பாகாம பார்த்துக்கணும், அவ்வளவுதான். வெயில்ல நிறுத்தாதீங்க. பிழிஞ்ச துணியால துடைச்சு, காயவிட்டு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா க்ரீம் போடுங்க. தங்கச்சி எப்படி ஏறுறாங்களோ அப்படி ஏறுங்க.”

“அப்ப இவ ஓட்டலாங்கறீங்களா?”

“அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க? நான் சீட்டைப் பத்தித்தான் சொல்வேன்.”

சீட்டக்கா கிழிந்த தாள்களைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது.

மனைவி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இந்த முறை நன்றாகச் சாய்ந்தாள். அவளுக்கு அடியில் தோல் மெதுவாக முனகி அடங்கியது. கால் பெடலுக்கு எட்டவில்லை. குனிந்து தடவி நெம்புகோலைக் கண்டுபிடித்து இழுத்தாள். ஆறு வருடமாக ஒரே இடத்தில் நின்ற சீட்டு, கிறீச்சிட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்தது. அது விட்டுவந்த இடத்தில், தரைவிரிப்பின் மேல், காய்ந்து விறைத்துப்போன ஒரு மஞ்சள் துடைப்புத் துணி கிடந்தது.

“போன வருஷம் தேடினது,” என்றார் அவர். குனிந்து அதை எடுத்தார். ஒரு கையில் துணி, இன்னொரு கையில் சாவிக்கொத்து. திறந்த கதவுக்கு வெளியே அப்படியே நின்றார்.

அவள் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டு, அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“ஏங்க, அந்தச் சாவியக் குடுங்க.”