வர வேண்டாம் என்றவர்

வக்கீல் வால்டர் கையில் பிளம் கேக்கோடு துணிக்கடைக்குள் நுழைந்தபோதே ரெஜிக்குத் தெரிந்துவிட்டது, இவர் வாங்க வரவில்லை, விற்க வந்திருக்கிறார் என்று.

மைசூரில் மூன்று தலைமுறையாக ஜவுளி வியாபாரம். தேங்காய்க்குக்கூட பேரம் பேசாமல் வீடு திரும்பாத குடும்பம். ஆனால் டாக்டர், பாதிரியார், வக்கீல் மூவரிடமும் வாயைத் திறப்பது மரியாதைக் குறைவு. அதுவும் வால்டர் ஒரே சர்ச், கொயரில் பாடுகிறவர். ரெஜியின் தங்கை மோலி நர்ஸ். மகள் ஷாரன் யாரிடம் வளர்வது என்று கணவனோடு வழக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வால்டர், “லீவு எதுக்கும்மா போடறே? வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்” என்றார். அவள் போகவில்லை. அவரும் போகவில்லை. கணவன் தரப்பு மட்டும் நின்ற கோர்ட்டில் தீர்ப்பாகி, குழந்தை அப்பாவோடு துபாய் போய்விட்டது. மோலி பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதினாள். நாளைக்கு பெங்களூரில் விசாரணை.

“வாபஸ் வாங்கிடும்மா. ஹைகோர்ட்ல நானே ஃப்ரீயா ஆஜராகி ஷாரனைக் கொண்டுவந்து தர்றேன்.”

டியூட்டி முடிந்து நேராக வந்திருந்த மோலியின் கண்ணில் ஆசை தெரிந்தது. வாடிக்கையாளர் கண்ணில் அதைப் பார்த்தால் விலையை ஏற்றலாம் என்று கற்றவன் ரெஜி. தங்கையின் கண்ணில் அதைப் பார்க்க முடியவில்லை.

“கிழிஞ்ச சீலையவே மடிப்பை மாத்தி ரெண்டாந்தடவை விக்கறீங்களே சார், நம்ம கடையில பார்ட்னரா சேந்துக்கறீங்களா?”

வால்டர் சிரித்துக்கொண்டே, அடித்த போனை எடுத்தார். “மாதேவி அம்மா, நாளே கோர்ட்டிகே நீவு பரபேடி. நானு நோட்கோத்தீனி.”

அதே வாக்கியம், கன்னடத்தில். நாளைக்கு அவர் இருக்கப்போவதோ பெங்களூரில். “ஆய்த்து சார்” என்று ஒரு பெண் நிம்மதியாக ஒத்துக்கொண்டது போனுக்கு வெளியேயும் கேட்டது.

மோலி எழுந்தாள். “கேக்கை எடுத்துட்டுப் போங்க சார்.”

மறுநாள் பார் கவுன்சில் கமிட்டி முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள், மாதேவி உட்பட. சில மாதங்களில் வால்டருக்குக் கோர்ட்டில் ஆஜராகத் தடை வந்தது. மாதேவி வேறு வக்கீல் வைத்துக்கொண்டாள் என்று ரெஜி விசாரித்து வந்து சொன்னான். ஹைகோர்ட்டில் மோலி போட்ட அப்பீல் மட்டும் எங்கோ ஃபைல் அடுக்கில் இருந்தது.

ஒரு ஞாயிறு வீடியோ காலில் ஷாரன் விழுந்த பல்லின் இடத்தைக் காட்டினாள். பள்ளிக்கூடக் கதை சொன்னாள். நடுவில் இருமல் வந்தது.

“மம்மி, தண்ணி.”

“இதோ தங்கம்” என்று மோலி எழுந்து சமையலறைக்கு இரண்டடி வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது, திரையின் ஓரத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தது.