மூன்று பெற்றவளின் ரிப்போர்ட்

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. கடைக்காரர் தராசைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாலே அந்தக் கடைப்பக்கம் மறுபடி தலைவைத்துப் படுக்கமாட்டேன். அப்படிப்பட்டவள், தம்பி பெண்டாட்டியின் கருப்பைக்குள் பிறவியிலேயே ஒரு தடுப்பு இருக்கிறது என்று ஸ்கேனில் வந்தபோது சும்மா இருப்பேனா?

கல்யாணமாகி இரண்டு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. "அவங்கம்மாவுக்கு இது முன்னாடியே தெரியும்டா. மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க" என்று தம்பியின் காதில் ஓதியது நான்தான். "சத்தியமா எனக்கே தெரியாது அண்ணி" என்று அவள் அழுதாள். அந்த அழுகையையும் நான் நம்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டான். இந்த வெள்ளிக்கிழமை இருவரும் வக்கீல் ஆபீசில் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு.

ஸ்கேன் சென்டரில் பதினோரு வருஷமாக ரிப்போர்ட் டைப் செய்கிறேன். பழைய டாக்டர் இருந்தவரை எங்களுக்கு ஒரு வழக்கம். ஸ்கேனுக்கு வருகிறவளின் சீட்டில் எத்தனை குழந்தைகள் என்ற இடத்தில் ஒன்றோ அதற்கு மேலோ போட்டிருந்தால், 'கருப்பை இயல்பான வடிவில் உள்ளது' என்ற வரியை ஆள் உள்ளே போகும் முன்பே அடித்து வைத்துவிடுவேன். டாக்டரும் பித்தப்பையோ சிறுநீரகமோ, வந்த காரியத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். பிள்ளையில்லை என்று வருகிறவர்களுக்கு மட்டும் கருப்பையை அங்குலம் அங்குலமாகத் துழாவுவார்.

போன மாதம் புது டாக்டரம்மா வந்தார். "முன்கூட்டி எதையும் அடிக்காதீங்க. நான் பாத்துச் சொல்றத மட்டும் அடிங்க" என்றார். எனக்கு அப்போதே பொறி தட்டியது. மூன்றே வாரத்தில், பிள்ளை பெற்றவர்களில் ஐந்து பேருக்குத் தடுப்பு, பிளவு என்று அடிக்கச் சொன்னார். அதில் ஒருத்தி நாலு பெற்றவள்! யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? ஆளுக்கொரு ஆபரேஷனைத் தலையில் கட்டத்தான் என்று நினைத்தேன். ஒருத்தியைக்கூட ஆபரேஷனுக்கு அனுப்பவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது. டாக்டரம்மாவோடு சேர்ந்து வந்த புது ஸ்கேன் மெஷின்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன்.

வியாழக்கிழமை மதியம், கூட்டமில்லாத நேரம் பார்த்து உள்ளே போனேன். "டாக்டர், என்னை ஒருதரம் பாருங்க. நான் மூணு பெத்தவ" என்று படுத்தேன். மெஷினின் குட்டை உடைக்கத்தான்.

டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். "இதோ, மேலேருந்து நடுவுல இறங்குது பாருங்க. உங்களுக்கும் தடுப்பு இருக்கு."

"மெஷின் கோளாறு டாக்டர்."

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல. பிள்ளை பெத்தவங்க நூறு பேரப் பாத்தா நாலஞ்சு பேருக்காவது இப்படி இருக்கும். தேடினாத்தானே தெரியும்? தடுப்பு இருக்குன்னா பிள்ளையே பிறக்காதுன்னு அர்த்தமில்ல."

நான் நம்பவில்லை. அலமாரியைக் குடைந்து என் பழைய ஃபைலை எடுத்தேன். ஆறு வருஷம் முன்பு பித்தப்பைக் கல்லுக்காக இதே அறையில் பார்த்தது. கருப்பை இயல்பான வடிவில் உள்ளது. டைப் செய்தவர் என்ற இடத்தில் என் இனிஷியல். என் வயிற்றுக்கு, யாரும் பார்க்காமலே, நானே அடித்துக்கொண்ட வரி.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பெற்றவளெல்லாம் முழுசு, பெறாதவள் மூளி என்று பதினோரு வருஷமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பாவி, கடைசியில் தம்பி குடும்பத்தையும் பிரித்துவிட்டேன்.

அவனுக்குப் போன் போட்டேன். "நீ சொல்லித்தானேக்கா அனுப்பினேன்? இப்ப நீயே கூப்பிடு. அவ வந்தா எனக்கு வேறென்ன வேணும்" என்றான்.

அவள் மூன்றாவது தடவைதான் எடுத்தாள். மூச்சு விடாமல் கொட்டினேன். எனக்கும் தடுப்பு இருக்கிறது, தப்பு முழுக்க என்மேல்தான், நாளைக்கு வக்கீலிடம் போகாதே, வீட்டுக்கு வா என்றேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை.

"உங்களுக்குத் தடுப்பு இருக்குங்கற அந்த ரிப்போர்ட்டும் நீங்கதானே அண்ணி டைப் பண்ணீங்க?" என்றாள்.

"ஆமா."

"அப்ப நான் எப்படி நம்பறது?"